விருந்தினர் இறக்கிய படம், வீட்டுக்காரருக்கு வந்த கடிதம்

ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த்திருவிழா வந்துவிட்டால் இலண்டன், பாரிஸ், சூரிச் என்று பல இடங்களிலிருந்தும் எம்மவர்கள் வந்து தங்குவார்கள். எம்மில் சிலர் மேல்மாடியை விடுமுறை வீடாக நாள் வாடகைக்கும் விடுகிறோம். வருபவர்கள் பெட்டியை இறக்கியதும் தேத்தண்ணிக்கு முன்னரே கேட்பது, "அண்ணை, வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" நாமும் வீட்டார் பாவிக்கும் அதே கடவுச்சொல்லைச் சொல்லிவிடுகிறோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு சட்டத்தரணியிடமிருந்து தடித்த கடிதம் வரலாம். இன்ன திகதி, இன்ன நேரம் உங்கள் இணைப்பிலிருந்து இன்ன திரைப்படம் சட்டவிரோதமாகப் பகிரப்பட்டது. பல நூறு யூரோ செலுத்துங்கள். இணைத்துள்ள உறுதிமொழியில் கையெழுத்திடுங்கள் என்று அதில் இருக்கும். இதைத்தான் இங்கே 'அப்மானுங்' என்கிறார்கள்.

அகதி விண்ணப்பக் காலத்திலிருந்தே தபாற்பெட்டியில் ஜேர்மன் கடிதத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கும் தலைமுறை எம்முடையது. வதிவிட அனுமதிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தில் பணத்தைக் கட்டிவிடத்தான் மனம் சொல்லும். ஆனால் இது பொலிஸ் கடிதம் அல்ல. பதிப்புரிமை வைத்திருப்பவர் சட்டத்தரணி மூலம் முன்வைக்கும் சிவில் கோரிக்கை மட்டுமே.

படம் இறக்கியவர் விருந்தினர் என்றால் கடிதம் எமக்கு ஏன் வருகிறது? டொரன்ட் முறையில் படத்தை இறக்கும்போதே அதன் துண்டுகள் மற்றவர்களுக்கும் அனுப்பப்படுகின்றன. அப்போது இணைப்பின் ஐபி முகவரி வெளியே தெரியும். நீதிமன்ற உத்தரவுடன் அந்த முகவரியின் சொந்தக்காரர் யார் என்று இணைய நிறுவனத்திடம் கேட்டறிகிறார்கள். ஒப்பந்தம் எமது பெயரில் இருப்பதால் கடிதமும் எமக்கே வருகிறது.

வைஃபையைக் கடவுச்சொல்லால் பாதுகாக்காத வீட்டுக்காரரும் பொறுப்பாளியாகலாம் என்று ஜேர்மன் உச்ச நீதிமன்றம் 2010இல் கூறியது. 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. மற்றவர்களுக்கு வைஃபை வழங்குபவர், அவர்கள் செய்த மீறலுக்காக நட்டஈடோ கடிதச் செலவோ கொடுக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. ஆனாலும் இணைப்பின் சொந்தக்காரரே செய்தார் என்ற ஊகத்தில்தான் வழக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் வேறு யார் பாவித்திருக்கக்கூடும் என்பதை நாம்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். வெறுமனே "நான் செய்யவில்லை" என்றால் போதாது.

ஆகவே முற்கூட்டியே மூன்று காரியங்கள் செய்யலாம்.

முதலாவது, ரவுட்டரில் விருந்தினருக்கெனத் தனி வைஃபை திறப்பது. ஃபிரிட்ஸ்பொக்ஸ் போன்றவற்றில் இந்த வசதி உள்ளது; இணையத்தளம் பார்ப்பதற்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் என்று அதை மட்டுப்படுத்தலாம். வெளியே ஐபி முகவரி ஒன்றாகவே தெரியும். ஆனாலும் டொரன்ட் பாவிப்பது கடினமாகும், எமது கணினிகளும் பாதுகாப்பாக இருக்கும்.

இரண்டாவது, யார், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை தங்கினார் என்ற பதிவை வைத்திருப்பது. விருந்தினர் எதைப் பார்க்கிறார் என்று உளவு பார்க்கத் தேவையில்லை. அது வேறு சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

மூன்றாவது, சட்டவிரோதப் பதிவிறக்கம் கூடாது என்று ஒரு தாளில் எழுதி, கடவுச்சொல்லுடன் சேர்த்துக் கொடுப்பது. உறவினரிடம் இதைச் சொல்ல எமக்குக் கூச்சம்தான். தாளில் இருந்தால் எல்லோருக்கும் ஒரே விதியாகிவிடும், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கடிதம் வந்துவிட்டால் அதைக் குப்பையில் போடவும் கூடாது, பயந்து கையெழுத்திடவும் கூடாது. அந்த உறுதிமொழி எம்மை நீண்டகாலம் கட்டுப்படுத்தும். மீறினால் தண்டப்பணம் உண்டு. குறிப்பிட்ட காலக்கெடு முடியுமுன் நுகர்வோர் ஆலோசனை நிலையத்திடமோ, பதிப்புரிமை தெரிந்த சட்டத்தரணியிடமோ காட்டுங்கள். அதற்கும் முன்னர், இங்கேயே படித்து வளர்ந்த எமது பிள்ளைகளிடம் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கொடுங்கள். தனியே ஒளித்து வைத்தால் பயம்தான் கூடும்.