வெட்சித்திணையில் முறைசாராப் போர்த் திட்டமிடல்: தருமபுரி வட்டார நடுகற்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெரும்படைகள் நேர்நின்று மோதாமல், சிறுகுழுக்கள் மறைந்து சென்று தாக்கி மீள்வது முறைசாராப் போர் எனப்படும். தொல்காப்பியம் கூறும் வெட்சித்திணை இத்தகைய போருக்கான திட்ட ஒழுங்கைக் கொண்டுள்ளது என்பதையும், அத்திட்டத்தின் இடர்மிக்க கட்டத்தைத் தருமபுரி வட்டார நடுகற்கள் காட்டுகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெட்சி, கரந்தை, ஆகோள், தொறு, நடுகல், தகடூர்

முன்னுரை

ஆநிரை கவர்தலைக் களவாகவோ, போர் தொடங்குவதற்கான சடங்காகவோ மட்டும் காணும் போக்கு உண்டு. ஆனால் தொல்காப்பியர் வெட்சி மறவரை வேந்தனால் ஏவப்பட்டவராகவே குறிக்கிறார்; கவர்ந்த நிரையைப் பேணிக் கொணர்தலையும் அவர்தம் கடமையாக்குகிறார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, மன்னன் ஏவலால் செய்வது, தானே மேற்கொள்வது என இதனை இருவகைப்படுத்துகிறது. ஆணையும் இலக்கும் பொறுப்பும் வரையறுக்கப்பட்ட செயலைக் களவு என்ற ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது.

துறைவரிசையும் திட்ட ஒழுங்கும்

வெட்சிக்குத் தொல்காப்பியர் கூறும் துறைகள் பதினான்கு. படை புறப்படும் அரவம், விரிச்சி கேட்டல், பகைவர் அறியாதவாறு செல்லுதல், ஒற்றரால் செய்தி அறிதல், ஊர்ப்புறத்தே சூழ்ந்து தங்குதல், ஊர்கொலை, ஆகோள் என்பன முதல் ஏழு. மீட்க வருவோரை எதிர்த்து நிறுத்தும் பூசல்மாற்று, நிரையை வருத்தமின்றிச் செலுத்துதல், ஊரார் எதிர்நோக்கும் இடத்தே தோன்றுதல், நிரையை ஊரில் நிறுத்துதல், பாதீடு, உண்டாட்டு, கொடை என்பன பின் ஏழு.

நிரையைக் கைப்பற்றும் ஆகோள் ஏழாவதாக நிற்பது கருதத்தக்கது. கைப்பற்றியதும் செயல் முடிந்துவிடுவதில்லை. பாதித் துறைகள் அதன்பின்னரே வருகின்றன. செல்லும்போது மறவர் தம் விருப்பம்போல் விரையலாம். மீளும்போது மாடுகளின் நடைக்கேற்பவே நகர இயலும். தடமும் ஒலியும் அவர்களைக் காட்டிக்கொடுக்கும். எனவே பின்காவலும் நிரையைச் செலுத்தும் திறனும் தனித்தனித் துறைகளாயின. பாதீடும் கொடையும் அடுத்த செயலுக்கு ஆள்சேர்க்கும் வழிகளுமாகும்.

கரந்தையைப் புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாக்க, தொல்காப்பியர் வெட்சிக்குள்ளேயே அடக்குகிறார். கவர்தலும் மீட்டலும் ஒரே செயலின் இருபக்கங்கள் என்னும் போரியல் புரிதலுக்கு இவ்வமைப்பு இடந்தருகிறது.

நிலமும் நடுகற்களும்

வெட்சி குறிஞ்சிக்குப் புறன். குறிஞ்சியின் சிறுபொழுது யாமம். மலையும் இரவும் சிறுபடைக்குத் துணையானவை. அதியமான் மரபினரின் தகடூரை உள்ளிட்ட இன்றைய தருமபுரி மாவட்டம், சித்தேரி, வத்தல்மலை, தீர்த்தமலை முதலிய மலைகளும் தொப்பூர் போன்ற கணவாய்களும் மேய்ச்சல் நிலங்களும் கலந்த பகுதியாகும். செல்வம் கால்நடையாகவும் வழிகள் குறுகியனவாகவும் அமைந்த நிலத்தில் இப்போர்முறை வேரூன்றியதில் வியப்பில்லை.

ஆகோள் என்னும் சொல் இலக்கண வழக்கு மட்டுமன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல்லிலும் அது இடம்பெற்றுள்ளது. தருமபுரி, செங்கம் வட்டாரங்களின் வட்டெழுத்து நடுகற்கள் நிரையைத் தொறு என்கின்றன. தொறுக் கொண்டு பட்டவர், தொறு மீட்டுப் பட்டவர் என இருதிறத்தாருக்கும் கல் எடுக்கப்பட்டுள்ளது. வீரர்கள் பெரிதும் வீழ்ந்தது துரத்தலும் மீட்டலும் நிகழும் கட்டத்தில் என்பதற்கு இது சான்றாகலாம். செங்கம் பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் வீரனோடு அவனுடைய கோவிவன் என்னும் நாயையும் காட்டுகிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கூறப்படும் அந்நாய், காப்போர் தரப்பின் முன்னெச்சரிக்கை ஏற்பாட்டை நினைவூட்டுகிறது.

பிற்காலப் போரியலோடு ஒப்பீடு

ஆங்கிலேயப் படை அலுவலர் கால்வெல் 1896இல் வெளியிட்ட சிறுபோர்கள் பற்றிய நூலில், நிலையான படையோ தலைநகரோ இல்லாத பகைவரைப் பணியவைக்கக் கால்நடைகளைக் கைப்பற்றுவதை ஓர் உத்தியாகப் பேசுகிறார். அவர் பார்வை குடியேற்ற ஆட்சியின் பார்வை. அழிப்பும் அடக்குதலும் அதன் நோக்கம். வெட்சியிலும் ஊர்கொலை உண்டு. அதன் கொடுமையை மறைத்தல் ஆகாது. எனினும் நிரையை நோயின்றி உய்த்தலை ஒரு துறையாக்கியது தொல்காப்பியத்தின் தனித்தன்மை.

முடிவுரை

வெட்சித்துறைகள் புறப்பாடு முதல் பங்கீடு வரையிலான திட்ட ஒழுங்கைத் தருகின்றன. நடுகற்கள் அவ்வொழுங்கு குலைந்து உயிர் போன இடங்களைத் தருகின்றன. இரண்டையும் இணைக்க, கல் நின்ற இடம் இன்றியமையாதது. கணவாய்க்கும் மேய்ச்சல் நிலத்திற்கும் ஊருக்கும் கல் எவ்வளவு தொலைவில் நின்றது என்பதே துரத்தலின் வழியை உணர்த்தும். வேடியப்பன் என வழிபடப்பெற்று இன்றும் வயல்களில் நிற்கும் கற்களின் இருப்பிடத்தை முதலில் பதிவுசெய்தல் வேண்டும். இடக்குறிப்பின்றிப் பெயர்க்கப்பட்ட கல்லில் எழுத்து எஞ்சும். போரின் வழித்தடம் எஞ்சாது.