சேலை போட்டோ சூப்பர்... ஆனா, கூகுள்ல காணோமே!

பாடகி ஜெனிஃபர் லோபஸ் ஒரு பச்சை கவுன் உடுத்தியதால்தான் கூகுளில் படங்களைத் தேடும் வசதியே வந்தது என்றால் நம்புவீர்களா? 2000-ம் ஆண்டு கிராமி விருது விழாவுக்கு அவர் அணிந்து வந்த வெர்சாச்சே கவுனைப் பார்க்க உலகமே கூகுளில் தேடியது. அப்போது கூகுளிடம் காட்டுவதற்கு வெறும் லிங்க்குகள்தான் இருந்தன. மக்கள் கேட்டது படத்தை! 2001 ஜூலையில் 'கூகுள் இமேஜஸ்' பிறந்தது. இந்தக் கதையைப் பின்னாளில் சொன்னவர் கூகுளின் தலைவராக இருந்த எரிக் ஷ்மிட்.

இன்று வீட்டிலிருந்தே சேலை, நகை, பலகாரம் விற்கிறவர்கள்கூட சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கிறார்கள். ஆனால், 'மதுரை சுங்குடி சேலை' என்று தேடினால் யார் யார் கடைப் படமோ வரிசைகட்டும்; நம்முடையது மட்டும் வராது. பல நேரம் குறை சேலையில் இல்லை, படத்துக்கு வைத்த பெயரில் இருக்கிறது.

'ஐஎம்ஜி-20240315-டபிள்யூஏ0007'. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை அப்படியே ஏற்றினால் இதுதான் பெயர். இதை வைத்து யார் என்ன கண்டுபிடிக்க முடியும்? படத்தில் இருப்பதைக் கூகுள் ஓரளவு தானே புரிந்துகொள்கிறது என்றாலும், ஃபைலின் பெயர், படத்தைச் சுற்றியுள்ள எழுத்து, 'ஆல்ட் டெக்ஸ்ட்' ஆகியவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறது. 'மதுரை-சுங்குடி-சேலை-ஊதா' என்பதுபோல், வார்த்தைகளுக்கு நடுவே சிறு கோடு போட்டு ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்துவிட்டு ஏற்றுங்கள். இன்னொன்று, வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஒரிஜினல் வேண்டுமென்றால் 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஆல்ட் டெக்ஸ்ட். படத்தை ஏற்றும்போது பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் இருக்குமே, பெரும்பாலானோர் சீண்டாமல் விடுவது, அதுதான். இது கூகுளுக்காக உருவானது அல்ல. படம் தெரியாத இடத்தில் அதற்குப் பதிலாக நிற்கும் வரி இது. பார்வையற்றவர்களின் போனில் 'டாக்பேக்' போன்ற செயலிகள் இந்த வரியைத்தான் சத்தமாக வாசிக்கும். கட்டம் காலியாக இருந்தால், சில சமயம் அந்த 'ஐஎம்ஜி' எண்ணையே எழுத்தெழுத்தாக வாசித்துத் தொலைக்கும்!

இதைத் தெரிந்துகொண்ட சிலர் வேறு தப்பு செய்கிறார்கள். 'சேலை, காட்டன் சேலை, மலிவு விலை சேலை, ஆன்லைன் சேலை' என்று அந்தக் கட்டத்தில் வார்த்தைகளைக் கொட்டுகிறார்கள். இப்படிச் செய்தால் வெப்சைட்டையே 'ஸ்பேம்' ஆகக் கருத நேரும் என்று கூகுளே எச்சரிக்கிறது. அதைவிட, மகளுக்குச் சேலை எடுக்க வந்த பார்வையற்ற அம்மா ஒருவர் இதைக் கேட்டால் என்ன புரியும்? 'ஊதா நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள், அகலமான ஜரிகை பார்டர் கொண்ட மதுரை சுங்குடி காட்டன் சேலை.' கடையில் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல் இப்படி ஒரே வரி எழுதினால் அவருக்கும் சேலை கண்முன் வரும், கூகுளுக்கும் விஷயம் கிடைத்துவிடும்.

விலை, அளவு, போன் நம்பர் எல்லாவற்றையும் போட்டோ மேலேயே எழுதி போஸ்டர் ஆக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அது சரி. வெப்சைட்டில் அந்த விவரங்களைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் டைப் செய்யுங்கள்.

போட்டோவின் எடையையும் கவனிக்க வேண்டும். போனில் எடுத்த படம் 4, 5 எம்பி இருக்கும். பக்கத்தின் முக்கியமான படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். 'ஸ்கூஷ்' என்ற இலவசத் தளத்தில் படத்தைச் சுருக்கி, 'வெப்பி' ஃபார்மேட்டுக்கு மாற்றலாம். அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவிகிதம்வரை எடை குறையும்.

ஏற்கெனவே ஏற்றிய படங்களின் பெயரை மாற்ற உட்கார வேண்டாம். பெயர் மாறினால் படத்தின் முகவரியும் மாறும். கூகுள் அதைப் புதிதாகத் தேடிப் பிடிக்க நாளாகும். பழையவற்றுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் மட்டும் சேர்த்தால் போதும். 200 சேலை இருந்தால், அதிகம் விற்கிற 10-ல் இன்றைக்குத் தொடங்கலாம்.