வசூலித்தவர் ஆட்சியரான கதை
ஓர் ஆங்கிலச் சொல்லும் அதனுடன் நடந்து வந்த அரபுச் சொற்களும்

நன்றாகப் படிக்கும் பேரனைக் கண்டால், "கலெக்டராக வருவாய் அத்தா!" என்று தலையைத் தடவி வாழ்த்துகின்றனர் நம் வீட்டுப் பெரியவர்கள். சொன்ன வேலையைச் செய்யாமல் சாய்ந்து கிடக்கும் பையனைப் பார்த்து, "பெரிய கலெக்டர் உத்தியோகமோ?" என்று அதட்டுகிறவர்களும் அவர்களே. வாழ்த்துக்கும் வசைக்கும் ஒரே சொல் பயன்படுவது விந்தைதான். அதைவிட விந்தை, இவ்விரண்டிலும் அச்சொல்லின் நேர்ப்பொருள் இல்லை என்பதாகும்.

கலெக்டர் என்பதன் நேர்ப்பொருள் 'திரட்டுபவர்', அதாவது வசூல் செய்பவர். ஒன்றுசேர்த்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கிலத்தில் குடியேறியது. அன்று அது வரி திரட்டுகிறவனைக் குறித்தது. மக்கள் விரும்பி உச்சரித்த சொல் அல்ல. 1381ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உழவர்கள் கிளர்ந்தெழுந்த காரணங்களில் முதன்மையானது, ஏழை பணக்காரர் வேறுபாடின்றித் தலைக்கு ஒரு ஷில்லிங் என்று கேட்ட வரியும் அதைத் திரட்ட வந்தவர்களின் கடுமையும் ஆகும்.

பிற்காலத்தில் அதே நாட்டில் அச்சொல் வேறு பாதையில் சென்றது. இன்று ஆங்கிலேயர் ஒருவரிடம் "என் மகள் ஒரு கலெக்டர்" என்று மட்டும் சொன்னால், "தபால் தலையா, பழைய நாணயமா?" என்று அவர் கேட்கக்கூடும். இந்திய மண்ணிலோ அச்சொல் ஒரு மாவட்டத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்துவிட்டது. அந்த நாற்காலியின் வரலாற்றில் சேலம், நாமக்கல் சமவெளிக்குத் தனி இடம் உண்டு.

கலெக்டருக்கு முன்னே இருந்தவர்

இந்த மண்ணில் வரி திரட்டும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் ஆங்கிலேயர் அல்லர். ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியின்போது வரி அலுவலர் 'அமில்தார்' எனப்பட்டார். 'ஆமில்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பணி செய்பவர் என்று பொருள். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் குறிப்பிடும்போது, அதைத் திரட்டும் பணியாளரை இச்சொல்லாலேயே சுட்டுகிறது.

தாலுகா அலுவலகத்தில் நாம் நாள்தோறும் கேட்கும் சொற்களில் பல இவ்வழி வந்தவையே. 'தஹ்ஸீல்' என்றால் ஈட்டுதல், கைவரச் செய்தல். மதரஸாவில் கல்வியை ஈட்டுவதற்கும் இச்சொல்லையே வழங்குகிறோம். அதனுடன் பாரசீக விகுதி சேர்ந்து 'தாசில்தார்' ஆயிற்று. ஆக, தாசில்தார் என்றாலும் கலெக்டர் என்றாலும் சொல்லளவில் ஒன்றே. 'வசூல்' என்பதற்கு வந்து சேர்தல் என்று பொருள். 'ஜமாபந்தி'யில் உள்ள ஜமாவும் நம் ஜமாஅத்தும் ஜும்ஆவும் ஒரே வேரில் கிளைத்தவை. நாணயமானவர், நம்பிக்கைக்குரியவர் என்று பொருள்படும் 'அமீன்' என்னும் சொல்லோ, ஜப்தி ஆணையுடன் வாசலுக்கு வரும் நீதிமன்ற 'அமீனா' ஆகிவிட்டது. அல்அமீன் என்று மக்கா நகரமே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் போற்றியழைத்த சொல் அது. நம்பிக்கையின் பெயர் அச்சத்தின் பெயராக மாறியதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லின் மதிப்பை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அதைச் சுமக்கும் மனிதரின் நடத்தையே.

கும்பினி தந்த பதவி

1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலமிடமிருந்து வங்காளத்தின் திவானி உரிமையை, அதாவது வரி வசூல் உரிமையை, கிழக்கிந்தியக் கும்பினி பெற்றது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஜில்லாதோறும் கலெக்டர்களை நியமித்தார். வணிகம் செய்ய வந்த கும்பினியின் ஊழியர்கள் தம் சொந்த வணிகத்தையும் பதவியின் நிழலிலேயே நடத்திச் செல்வம் குவித்தனர். காரன்வாலிஸ் அதைத் தடுக்க முனைந்தார். கலெக்டருக்கு மாதம் 1500 ரூபாய் ஊதியம், அத்துடன் திரட்டிய தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று எனப் பங்கும் வகுத்தார்.

இவ்விடத்தில் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. ஜகாத் திரட்டச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொதுவுக்கென்றும் மறு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றும் பிரித்து வைத்தார். அவர் தம் பெற்றோர் இல்லத்தில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. ஊதியத்தாலும் சட்டத்தாலும் காரன்வாலிஸ் கட்டுப்படுத்த முயன்ற அதே நோயை, பதினோரு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னரே ஒரே கேள்வியால் அண்ணலார் அடையாளம் காட்டிவிட்டார்கள்.

பாராமகாலில் விழுந்த விதை

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் ஆட்சிப் பரப்பில் ஏறத்தாழப் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பாராமகாலும் சேலமும் கும்பினியின் கைக்கு வந்தன. மலைத்தொடருக்குக் கீழே விரிந்த சேலம், நாமக்கல், திருச்செங்கோடு நிலப்பரப்பு அக்காலக் கணக்கேடுகளில் 'தலாகாட்' எனப்பட்டது.

இப்பகுதியை நிர்வகிக்கக் காரன்வாலிஸ் தேர்ந்தெடுத்தவர் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்னும் படை அதிகாரி. சென்னையிலிருந்த சிவில் அலுவலருள் நாட்டு மொழி அறிந்தோர் மிகச் சிலரே என்பது அதற்கு ஒரு காரணம். அவருக்கு உதவியாளராக வந்தவர்கள் மன்றோ, மக்ளவுட், கிரகாம் ஆகிய மூவர். தெற்குப் பகுதி மக்ளவுடின் பொறுப்பாயிற்று. வயல் வயலாக நிலம் அளக்கப்பட்டது. இடையில் பெரிய ஜமீன்தாரர் எவருமின்றி, உழுபவரிடமே அரசு நேராகத் தீர்வை பெறும் முறை இங்கு உருப்பெற்றது. 'ரயத்துவாரி' என்பது அதன் பெயர்.

இச்சொல்லையும் சற்று நோக்குவோம். அரபியில் 'ராயி' என்றால் மேய்ப்பர். 'ரயிய்யத்' என்றால் அவர் பாதுகாப்பில் உள்ள மந்தை. நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பருக்கு ஒப்பான பொறுப்பாளர் என்றும், நம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி வினவப்படுவோம் என்றும் உணர்த்தும் புகழ்பெற்ற நபிமொழியில் இவ்விரு சொற்களும் இணைந்தே வருகின்றன. அந்த 'ரயிய்யத்' பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து குடிமகனைக் குறித்தது. பின்னர் ரயத்து எனச் சுருங்கி, ஆங்கிலேயரின் ஏட்டில் தீர்வை செலுத்துபவன் என்ற அளவில் நின்றது. மேய்ப்பர் கலெக்டரானபோது, மந்தை பேரேட்டின் ஒரு வரியாயிற்று.

விதை உடனே மரமாகிவிடவில்லை. 1802 முதல் 1805 வரை சேலம் ஜில்லாவைப் பல 'மிட்டா'க்களாகப் பகுத்து ஏலத்தில் விற்றனர். நிலையான தொகையைச் செலுத்த இயலாமல் மிட்டாதாரர் பலர் நொடித்துப் போயினர். 1820இல் மன்றோ சென்னை மாகாணத்தின் கவர்னரான பிறகே ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாக வேரூன்றியது.

பஞ்சமும் ஒரு திருப்பமும்

திரட்டுவது மட்டுமே கடமை என்று கருதிய ஆட்சியின் மறுமுகத்தை 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சம் காட்டியது. 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த அன்றைய சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்தது. பட்டினியால் மடிந்தோரும், காலராவுக்கு இரையானோரும், ஊரைவிட்டு ஓடியோரும் இந்த இடைவெளிக்குள் அடங்குவர். பின்னர் 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனின் பரிந்துரையைத் தொடர்ந்து, பஞ்ச காலத்தில் செய்ய வேண்டியவற்றை வரையறுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. வாங்கும் கைக்குக் கொடுக்கும் கடமையும் ஏட்டில் எழுதப்பட்டது. அதற்குள் கொடுத்த விலை எத்துணைப் பெரிது!

1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் ஜில்லாவில் மற்றொரு திருப்பம் நிகழ்ந்தது. முதலமைச்சர் ராஜாஜி முதன்முதலில் இந்த ஜில்லாவிலேயே மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அதுவரை கள், சாராய வருவாயைத் திரட்டித் தந்த நிர்வாகமே அக்கடைகளை மூடும் பொறுப்பை ஏற்றது. வருமானத்தை இழப்பதும் அரசின் கடமையாகலாம் என்பது அன்று வெளிப்பட்டது. அந்த இழப்பை ஈடுகட்டவே 1939இல் விற்பனை வரி பிறந்தது. மதுவை விலக்கி வாழும் நம் இல்லங்கள் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய நாள் அது. அந்த விலக்கு நிலைக்காமற் போனதும், இன்று அரசே மதுக்கடை நடத்துவதும் வேதனைக்குரிய வேறு கதை.

இன்றைய பொருள்

விடுதலைக்குப் பின் நிலத்தீர்வை அரசு வருவாயின் மிகச் சிறு பகுதியாகிவிட்டது. ஆனால் கலெக்டர் பதவி சிறுக்கவில்லை. தேர்தல், பேரிடர் நிவாரணம், உதவித்தொகை, பட்டா எனப் பல பொறுப்புகள் அதனைச் சூழ்ந்தன. கர்நாடகத்தில் இதே அலுவலரை துணை ஆணையர் என்றும், உத்தரப் பிரதேசத்தில் மாவட்ட மாஜிஸ்திரேட் என்றும் அழைக்கின்றனர். தமிழில் நாம் 'மாவட்ட ஆட்சித் தலைவர்' என்றும் 'ஆட்சியர்' என்றும் வழங்குகிறோம். இப்பெயரில் வசூல் என்னும் கருத்தே இல்லை. மொழிபெயர்ப்பாளர் சொல்லை விட்டுவிட்டுப் பணியைப் பெயர்த்தார் எனலாம்.

1997 ஜனவரி 1ஆம் நாள் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. பரமத்தியிலும் இராசிபுரத்திலும் உள்ள குடும்பங்கள் மனுவுடன் சேலம் வரை செல்ல வேண்டிய நிலை நீங்கியது. 2017இல் ரோகிணி பாஜிபாகரே சேலத்தின் முதல் பெண் ஆட்சியராகப் பொறுப்பேற்றார். அவர் மராட்டிய மாநிலத்து விவசாயி ஒருவரின் மகள். ரீட் தொடங்கி வைத்த வரிசையில் ஒரு ரயத்தின் மகள் வந்தமர 225 ஆண்டுகள் ஆயின. பெண் பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்த எண்ணும் பெற்றோர் இச்செய்தியை ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பார்களாக.

இதற்கிடையில் 'கலெக்ஷன்' என்னும் உறவுச்சொல்லோ தன் பழைய பொருளை விடவில்லை. லாரித் தொழில் செழித்த நாமக்கல் வட்டாரத்தில் அது நிதி நிறுவனத் தவணையைக் குறிக்கிறது. வாரந்தோறும் குழுக்கடன் வசூலிக்க வருபவரின் வண்டிச் சத்தம் கேட்டதும் முகம் வாடும் தாய்மாருக்கு அச்சொல்லின் பொருளை எந்த அகராதியும் விளக்க வேண்டியதில்லை.

நாம் கொள்ள வேண்டியவை

திரட்டுதல் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. யாரிடமிருந்து, யாருக்காக என்னும் இரண்டு கேள்விகளே அதன் தரத்தை முடிவு செய்கின்றன. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வரிடம் பெற்று அங்குள்ள ஏழையருக்கே வழங்க வேண்டும் என்றும், மக்களின் சிறந்த பொருள்களை விரும்பி எடுத்தலாகாது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இவ்விரு கேள்விகளுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

ஆகவே இரண்டு செயல்களை நம் இல்லங்கள் மேற்கொள்ளலாம். முதலாவது, ஆட்சியர் அலுவலகத்தை அஞ்சி ஒதுங்காதிருத்தல். திங்கட்கிழமைதோறும் அங்கு மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகிறது. பசலி ஆண்டு முடியும் தறுவாயில் தாலுகாதோறும் ஜமாபந்தி நடைபெறுகிறது. பட்டா மாறுதலோ விதவை உதவித்தொகையோ, கேட்க வேண்டியதை எழுத்தில் கேட்டு, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைத்துக்கொள்வது நம் உரிமை.

இரண்டாவது, நம் தெருவிலும் கலெக்டர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் சந்தாவும் பைத்துல்மால் நிதியும் திரட்டுபவர் யாராயினும் அவர் ஓர் ஆமில்; அமீனாகவும் இருக்க வேண்டியவர். ரசீது கொடுப்பதும், வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் எழுதுவதும், அதே தெருவின் ஏழை வீட்டை முதலில் தேடிச் செல்வதும் அவர் கடமை. கணக்கு கேட்பவரைக் குறை தேடுபவராக நோக்காமல், தம் சுமையைப் பகிர வந்தவராக அவர் வரவேற்பாராக!