கோயம்பேட்டுக்குப் பக்கத்து ஊர்

சென்னைக்கும் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கிருமிக்கு அந்தக் கணக்கு தெரியாது. 2020 மே 4ஆம் தேதி தமிழகத்தில் 527 பேருக்குக் கொரோனா உறுதியானது. சென்னையில் 266 பேர். அடுத்த இடம் கடலூர் மாவட்டத்துக்கு, 122 பேர். சென்னையை ஒட்டியிருக்கும் மாவட்டங்கள்கூட அன்றைக்குப் பின்னால்தான் நின்றன. காரணம் சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தை. கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் கிராமங்களிலிருந்து அங்கே மூட்டை தூக்கவும் கடையில் நிற்கவும் போனவர்கள், பஸ்ஸும் ரயிலும் ஓடாத ஊரடங்கில், சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிகளில் ஏறி ஊருக்கு வந்தார்கள். மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டபோது, தொற்று ஏற்கெனவே தெருக்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. விக்கிரவாண்டி–கும்பகோணம் சாலையும் சிதம்பரம்–விருத்தாசலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் சேத்தியாத்தோப்பு போன்ற ஊரில் நின்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். இங்கே தூரம் என்பது லாரி எத்தனை மணி நேரத்தில் வரும், அங்கே நம் ஆட்கள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதுதான்.

கோயம்பேட்டிலிருந்து வந்தவர்களைத்தானே தேடித்தேடிப் பரிசோதித்தார்கள், அதனால்தானே எண்ணிக்கை கூடியது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேடாத இடத்தில் தொற்று கணக்கில் ஏறாது. மற்ற மாவட்டங்களில் உண்மை நிலை அந்த எண்களைவிட மோசமாகவே இருந்திருக்கலாம். ஆனால் பரிசோதனை நோயை உண்டாக்குவதில்லை. எந்த ஊரில் போய்த் தேட வேண்டும் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்ததே, அந்த ஊர்களுக்கும் சந்தைக்கும் இருந்த பிணைப்புக்குச் சாட்சி.

கருத்துகளும் இதே பாதையில்தான் பயணிக்கின்றன. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கிருமிக்கு ஒரு லாரிப் பயணம் போதும், கருத்துக்குப் போதாது. சுவீடன் புவியியலாளர் டார்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட், புதிய விவசாய முறைகள் ஊர்ஊராக எப்படிப் பரவின என்று ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். அக்கம்பக்கத்தாரோடு நேரில் பேசும் பேச்சுக்கு அதில் பெரிய பங்கு இருப்பதை அவர் காட்டினார். ஒற்றை நாற்று நடவை எடுத்துக்கொள்ளுங்கள். 1983இல் மடகாஸ்கரில் ஹென்றி டி லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உருவாக்கிய முறை, கடல் கடந்து தமிழகத்துக்கு வந்து, திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரும் பெற்றது. கடல் தாண்டியதைவிட வரப்பு தாண்டுவதுதான் அதற்குச் சிரமம். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி. நட்ட புதிதில் வயல் பொட்டலாகத் தெரியும். குத்துக்கு மூன்று நான்கு வைத்துப் பழகிய கைகளுக்கு ஒற்றை நாற்றைப் பிரித்து வைப்பதே புது வேலை. பக்கத்து வயலில் அது தூர் கட்டி விரிவதைத் தன் கண்ணால் பார்க்கிற வரை எந்த விவசாயியும் ஒரு போகத்தைப் பணயம் வைக்க மாட்டார். வைக்கவும் கூடாது.

இன்று செல்போனில் எல்லாம் நொடியில் வந்துவிடுகிறதே, தூரம்தான் செத்துப்போயிற்றே என்பார்கள். செய்தி வருகிறது, உண்மைதான். அதை நம்பி ஒரு காரியத்தில் இறங்குவது வேறு. தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்ற தயக்கத்தை ஒரு வீடியோ தூண்டிவிடலாம். அதைப் போக்குவதற்குத் தெரிந்த கிராமச் செவிலியரோ, முதல் ஊசி போட்டுக்கொண்ட எதிர்வீட்டுக்காரரோ வேண்டியிருக்கிறது.

எனவே அடுத்த தொற்று வரும்போது, நோய் கண்ட ஊரைச் சுற்றி வரைபடத்தில் வட்டம் போட்டால் மட்டும் போதாது. எந்த ஊராட்சியிலிருந்து எந்தச் சந்தைக்கு, எந்தக் கட்டடப் பணிக்கு எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்ற பட்டியல் இப்போதே தயாராக வேண்டும். சந்தையை மூடும் உத்தரவோடு, அங்கே உழைத்தவர்களைப் பரிசோதித்து ஊருக்கு அழைத்து வரும் பேருந்துக்கான உத்தரவும் சேர்ந்தே வர வேண்டும். 2020இல் லாரியில் தொற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு வேறு வண்டி இருக்கவில்லை.