வள்ளி புகுந்த ஊரின் சரித்திரம்

திருத்தணி மலையின் 365 படிகளையும் மூச்சு வாங்க ஏறி, முருகனைத் தரிசித்துவிட்டு இறங்குகிறீர்கள். கூட வந்த பிள்ளை, "அப்பா, இந்த ஊருக்குச் சரித்திரம் உண்டா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 1888-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்பீர்கள். 1960 ஏப்ரல் முதல் தேதி ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த ஊர் என்பீர்கள். இரண்டும் சரிதான். ஆனால் சரித்திரம் அவ்வளவு பிந்தியா ஆரம்பமாயிற்று?

சந்நிதியிலேயே விடை இருக்கிறது. வள்ளி யார்? வேடர் குலத்தின் வளர்ப்புப் பெண். வள்ளிக் கிழங்கு அகழ்ந்த குழியிலே கிடைத்த குழந்தை. தினைப்புனத்தில் பரண்மீது நின்று கவண் வீசிக் கிளி ஓட்டியவள். புராணக் கதைதான். ஆயினும் காட்டு மக்கள், கிழங்கு, தினை, கிளி எல்லாம் அந்த ஒரு கதைக்குள் அடங்கிவிட்டன. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திர பாடம் சொல்ல இதைவிட நல்ல முதல் அத்தியாயம் ஏது?

இரண்டாவது அத்தியாயமும் பக்கத்திலேயே கிடைக்கிறது. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றோரம் அத்திரம்பாக்கம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் புட் என்ற நிலவியல் அறிஞர் 1863-ல் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தார்கள். நம்மைப் போன்ற மனிதர் தோன்றுவதற்கும் முன்பு!

மூன்றாவது அத்தியாயம் இன்றும் நம்மோடு வாழ்கிறது. இம்மாவட்டத்தில் வாழும் இருளர்களைத்தான் சொல்கிறேன். எந்த வளையில் எலி இருக்கும், எந்தத் தடம் நல்ல பாம்பினுடையது, நன்னாரி வேர் எங்கே ஓடும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து பாம்புத் தோல் வியாபாரம் நின்றது. பிழைப்பை இழந்தவர்களுக்காக, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துக் கொடுத்து, பாம்புகளை மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்ட மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பெருமைதான். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணக் கடனுக்காகக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் இம்மாவட்டத்திலே மீட்கப்பட்டிருக்கின்றன. சூளையில் வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. பாட்டன் அறிந்த காடும் இல்லை. ஒரு தலைமுறை இப்படிப் போனால், பல தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு போய்விடும்.

ஆகவே, ஆசிரியர்களே, வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓர் இருளர் பெரியவரை முன்னே நடக்கச் சொல்லுங்கள். அன்றைய கூலியை மரியாதையோடு கொடுத்துவிடுங்கள். எதையும் பிடிக்க வேண்டாம், பறிக்க வேண்டாம். அவர் காட்டும் செடிக்கும் பறவைக்கும் உரிய பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக்கொண்டால் போதும். வகுப்பின் கடைசிப் பெஞ்சில் ஓர் இருளர் பிள்ளை உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு அவனுடைய தாத்தா அல்லவா வாத்தியார்!