ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ளச் சூரியனைப் பார்க்க வேண்டியதில்லை. கடிகாரத்தையும் பார்க்க வேண்டியதில்லை. தெருமுனைக் கறிக்கடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் போதும். மற்ற ஆறு நாட்களும் ஏழு மணிக்கு முன் எழுந்திருப்பதைப் பெரும் பாவமாகக் கருதும் ஆடவர்கள்கூட, அன்று ஐந்தரை மணிக்கே தூக்குச் சட்டியும் கையுமாக அங்கே ஆஜராகிவிடுவார்கள்.

அந்தக் கடையில் அரைமணி நேரம் நின்றால் மனித சுபாவத்தைப் பற்றிப் பல விஷயங்கள் தெரியவரும். ஒருவருக்குத் தொடைக்கறிதான் வேண்டும். இன்னொருவருக்குச் சூப்பு வைக்க நெஞ்செலும்பு. ஈரல் தீர்ந்துவிடுமோ என்று மூன்றாமவருக்குக் கவலை. சுவரொட்டி என்னும் மண்ணீரலோ ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் உண்டு. அதை அடைய வேண்டுமானால் கடைக்காரரிடம் பல வருஷத்துச் சிநேகிதம் இருக்க வேண்டும். "அண்ணே, பிள்ளை வயசுக்கு வந்திருக்கு; ரத்தம் ஊறணும். பார்த்துக் குடுங்க" என்று ஒருவர் காதோடு காதாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நேயர்கள் இந்த வார்த்தையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

கறி வீடு வந்து சேர்ந்ததும் அடுப்படியில் வேலை மும்முரமாகிறது. சின்ன வெங்காயம் உரிபடும். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு, கசகசா வறுபடும். தேங்காய் அரைபடும். பத்து மணிக்கு மேல் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் கொதிக்கும் குழம்பின் வாசனை வழிமறித்துக்கொண்டு, "எங்கே இவ்வளவு அவசரமாக?" என்று விசாரிக்கும்.

கறி சாப்பிடாத நேயர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவர்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று வெங்காய சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் தவறாமல் உண்டு. புனித சூசையப்பர் ஆலயத்தில் பூசை முடிந்து வீடு திரும்பும் குடும்பங்களுக்கும் அன்றைய பகல் சாப்பாடு விசேஷமானதே. பேகம்பூரில் உள்ள முஸ்லிம் அன்பர்களுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் உண்ணும் உணவு அப்படிப்பட்டது. பாத்திரத்தில் இருப்பது எதுவானாலும், வாரத்தில் ஒரு வேளையாவது வீட்டார் அனைவரும் கூடி உண்பது என்பதே இதன் சாரம்.

நிற்க. இந்த ஞாயிற்றுக்கிழமை நமது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கமா என்றால், இல்லை. நம் முன்னோருக்கு வெள்ளி உண்டு, சனி உண்டு, அமாவாசை உண்டு, கார்த்திகை உண்டு. ஞாயிறு மற்றொரு நாள்தான். என் அப்பத்தா சிறு பெண்ணாக இருந்த நாளில், தீபாவளிக்கும், கருப்பசாமி கோயில் கிடா வெட்டுக்கும், புது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் அன்றைக்கும்தான் கறி. ஞாயிறுதோறும் குழம்பு என்பது என் அய்யா நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்து, வாரம் ஒரு நாள் லீவு கிடைத்த பிறகு வந்த வழக்கம்.

அந்த லீவும் தானாக வந்துவிடவில்லை. பம்பாய் நகரத்துப் பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் தொழிலாளிகளுக்கு வார விடுமுறை என்பதே கிடையாது. நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884-ஆம் வருஷத்தில் அவர்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். வாரத்துக்கு ஒரு நாளாவது ஓய்வு வேண்டுமென்று விண்ணப்பங்களும் கூட்டங்களுமாக வருஷக் கணக்கில் போராடினார். 1890-ஆம் வருஷத்தில் ஆலை முதலாளிகள் இணங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளாயிற்று. இன்று நாம் பத்து மணி வரையில் சாவகாசமாகப் பத்திரிகை படிக்கிறோமே, அதற்கு அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

ஆறு நாள் பிறருக்கு உழைத்தவர்கள் ஏழாம் நாளைத் தங்கள் நாளாக்கிக்கொண்டு அன்று வயிறார உண்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. கடல் பல கடந்து, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவுக்குப் போனாலும் இதையே காணலாம். அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக வதைபட்ட நாட்களில், அவர்கள் சொந்தமாகப் பயிர் செய்துகொள்ளத் துண்டு நிலங்கள் விடப்பட்டிருந்தன. அதில் கிழங்கும் வாழையும் பயிரிடுவதும், விளைந்ததைச் சந்தையில் விற்பதும் ஞாயிற்றுக்கிழமையில்தான். உடம்பே தங்களுடையதாக இல்லாத ஜனங்களுக்கு அந்த ஒரு நாள் மாத்திரம் ஓரளவு சொந்தமாக இருந்தது. 1838 ஆகஸ்டு முதல் தேதி அவர்களுக்குப் பூரண விடுதலை கிடைத்தது.

இன்றும் ஜமைக்காவில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு குடும்பத்தின் பெருஞ் சாப்பாடு. சனிக்கிழமை இரவே சிவப்புக் காராமணி போன்ற ஒரு பயற்றை ஊறப் போடுகிறார்கள். மறுநாள் தேங்காய்ப் பால் பிழிந்து, அந்தப் பயறும் அரிசியும் வெங்காயத் தாளும் ஒரு முழு மிளகாயும் சேர்த்துப் பொங்குகிறார்கள். கோயிலிலிருந்து திரும்பியதும் அதைக் கோழிக் குழம்புடனோ வறுத்த கோழியுடனோ உண்கிறார்கள். குடிப்பதற்குக் கேரட் சாறு. விசேஷ நாட்களில் வெள்ளாட்டுக் கறி. அது அந்தத் தீவுக்கு எப்படிப் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? 1845-ஆம் வருஷம் மே மாதம் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது தொடங்கி, ஏறக்குறைய 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு போகப்பட்டார்கள். மசாலாவும் மஞ்சளும் ஆட்டுக் குழம்பும் அவர்களோடு போயின. ஜமைக்காக்காரர் அதற்கு வழங்கும் பெயரில் உள்ள 'கறி' என்ற சொல் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பது அகராதிக்காரர்களின் அபிப்பிராயம்.

இவ்வளவையும் நான் எங்கள் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் உற்சாகமாகச் சொல்லிவிட்டு, "எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு" என்று ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னேன். கட்டுரைகள் வந்து குவிந்தன. ஒரு பையன் குடல் குழம்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். இன்னொருவன், வீட்டில் சமைக்காமல் கடையிலிருந்து பிரியாணி வாங்கிவிடுவதாகவும் அதுவே சிலாக்கியம் என்றும் எழுதியிருந்தான்.

திண்டுக்கல் பையன் அப்படி எழுதாமல் வேறு எப்படி எழுதுவான்? 1957-ஆம் வருஷத்தில் நாகசாமி நாயுடு என்பவர் இந்த ஊரில் ஒரு பிரியாணிக் கடை வைத்தார். அவர் தலையில் எப்போதும் தலைப்பாகை இருந்ததால் கடைக்கும் 'தலப்பாக்கட்டி' என்ற பெயர் வந்தது. பொடியான சீரகச் சம்பா அரிசியும், சிறு துண்டுகளாக நறுக்கிய கறியும், தயிரும், எலுமிச்சையும் சேர்ந்த அந்தப் பக்குவம் ஊரின் பெயரையே நாடெங்கும் பரப்பிவிட்டது. பிரியாணிப் பொட்டலம் குடும்ப வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது என்று சில பெரியவர்கள் வருந்துவதுண்டு. ஆனால் அப்படி வருந்தும் ஸ்திரீ ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

இது ஏன் என்பது எனக்கு அன்றுவரை புரியவில்லை. கடைசியில் இருந்த கட்டுரை ஒரு சிறுமி எழுதியது. ஒரே பக்கம். கறிக்கடை, மசாலா, அப்பா, தம்பி எல்லாம் எழுதிவிட்டு, இப்படி முடித்திருந்தாள்: "அம்மா எப்போது சாப்பிடுகிறார்கள் என்று நான் பார்த்ததில்லை."

சிவப்பு மையில் திருத்துவதற்கு அதில் ஒரு பிழையும் இல்லை. மற்றக் கட்டுரைகளை மறுபடி புரட்டினேன். அம்மா சமைக்கிறாள், பரிமாறுகிறாள், 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?' என்று கேட்கிறாள். எந்தக் கட்டுரையிலும் அம்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை.

என் வீட்டை எண்ணிப் பார்த்தேன். நான் சிறுவனாக இருந்தபோது, ஈரல் எனக்கு. நல்லி எலும்பு அய்யாவுக்கு. கறித்துண்டுகள் விருந்தாளிக்கும் எங்களுக்கும். அக்காவுக்கு இரண்டு துண்டு. எல்லாரும் எழுந்த பிறகு, அம்மா குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்துப் பிசைவாள். அந்தச் சட்டிச் சோற்றில் எனக்கும் ஓர் உருண்டை கிடைக்கும். அதன் ருசியைப் பற்றி நண்பர்களிடம் நான் மணிக் கணக்கில் பிரசங்கம் செய்திருக்கிறேன். சட்டியில் துண்டு ஒன்றும் மிஞ்சாததனால்தான் அம்மா அதை வழித்தாள் என்பது, நாற்பது வயசுக்கு மேல், ஒரு மாணவியின் கட்டுரையைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது.

இது வெறும் மன வருத்தத்தோடு போகிற விஷயமல்ல. 2019 முதல் 2021 வரை நம் தேசத்தில் எடுத்த குடும்ப நலக் கணக்கின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53. அதே வயது ஆண்களிலோ தேசம் முழுவதற்கும் நூற்றுக்கு 25 தான். மாத விலக்கும் பிள்ளைப் பேறும் இதற்குக் காரணங்கள். அவற்றை நாம் மாற்ற முடியாது. யாருடைய இலையில் என்ன விழுகிறது என்பதும் ஒரு காரணம். ஈரலிலும் சுவரொட்டியிலும் இரும்புச் சத்து மிகுதி. கறியில் உள்ள இரும்புச் சத்தைக் கீரையிலும் பயற்றிலும் உள்ளதைக் காட்டிலும் எளிதாக உடம்பு ஏற்றுக்கொள்கிறது. மரக்கறி உண்பவர்கள் பயறு, கீரையோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அதுவும் நன்றாகச் சேரும். 'ரத்தம் ஊறணும்' என்று கறிக்கடையில் காதோடு சொன்னாரே, அவருக்கு இந்தச் சாஸ்திரம் தெரிந்தே இருக்கிறது. ஆனால் பெண் வயசுக்கு வந்த மாதத்தோடு அதை நாம் மறந்துவிடுகிறோம்.

லோகண்டே போராடிப் பெற்றுத் தந்த விடுமுறை ஆலைக்குப் போனது, ஆபீசுக்குப் போனது, பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. அடுப்படிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமையன்றுதான் அங்கே வேலை இரட்டிப்பு.

அந்த வாரமே என் வீட்டில் ஒரு புது ஏற்பாடு செய்யலாமென்று, "இன்றைக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்" என்றேன்.

"என்னங்க, நானும் உட்கார்ந்துட்டா யாரு பரிமாறுறது?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. சட்டிகளைக் கூடத்தின் நடுவில் கொண்டு வந்து வைத்தோம். அவரவரே எடுத்துக்கொள்வது என்று தீர்மானம். வெங்காயம் உரிப்பது என் பங்கு என்றும், பாத்திரம் கழுவுவது மகன் பங்கு என்றும் ஆயிற்று. மனைவி உட்கார்ந்துவிட்டாள். என் தாயார்தான் இணங்கவில்லை. "நீங்கல்லாம் சாப்பிடுங்கப்பா. நான் பொறவு சாப்பிட்டுக்கிறேன்" என்று வாசற்படியிலேயே நின்றார்கள். பலவந்தமாக உட்கார வைத்தோம். மனைவி அவர்கள் தட்டில் ஈரலை வைத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் அது பேரன் தட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது வாரமும் இதே கதை. எழுபது வயது வரை பழகிய கை, ஒரு நாளில் கேட்குமா?

மூன்றாவது வாரம், "அப்பத்தா, எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்" என்று பேரனே தட்டைக் கையால் மறைத்துக்கொண்டான். அம்மா வேறு வழியில்லாமல் சாப்பிட்டார்கள். இரண்டு வாய் உண்ட பின் நிமிர்ந்து, "இந்தக் குழம்பு சூட்டோட இப்படியா இருக்கும்!" என்றார்கள்.

ஐம்பது வருஷமாக அந்தக் குழம்பை வைத்தவர்கள் அவர்கள்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, நேயர்களே, இலை போடும்போது வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு முறை எண்ணிவிட்டுப் போடுங்கள்.