சோயாவின் பச்சை வாடை

சோயாச் செடி பூப்பதைத் தீர்மானிப்பது இரவின் நீளம். அமெரிக்க ஆய்வாளர்கள் கார்னரும் அல்லார்டும் 'பிலாக்ஸி' ரகத்தை வெவ்வேறு தேதிகளில் விதைத்துப் பார்த்தார்கள். எல்லாச் செடிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. பகலின் நீளமே இதற்குக் காரணம் என்று 1920-இல் எழுதினார்கள்; பகல் குறைந்தால் இரவு நீளும் என்பதால் இரண்டும் ஒரே கணக்குதான்.

வடக்கே கோடைப் பகல் நீளம். செடி தழைத்த பிறகே பூக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் ஆண்டு முழுதும் பகல் சுமார் 12 மணி நேரம்தான். அங்கே விதைத்த வடக்கத்தி ரகங்கள் வளருமுன்பே பூத்து, குட்டையாக நின்றுவிட்டன. காய்கள் தரையை ஒட்டியே இருந்ததால் அறுவடை எந்திரத்துக்கும் எட்டவில்லை.

இந்த முட்டுக்கட்டையை நீக்கியதில் பிரேசிலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்நாட்டின் எம்ப்ராப்பா வேளாண் ஆய்வு நிறுவனம் 1975-இல் லோண்ட்ரினா நகரில் சோயாவுக்கென்றே ஆய்வு மையம் தொடங்கியது. ரொமேயு கீல் போன்ற விஞ்ஞானிகள், குறுகிய பகலிலும் அவசரப்பட்டுப் பூக்காமல் முதலில் நன்றாக வளரும் ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் கலப்பினம் செய்தார்கள். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டதும் சேர்ந்துகொள்ள, செராடோ புல்வெளி சோயா வயலானது. பூப்பைத் தள்ளிப்போடும் 'ஜே' மரபணு இன்னதென்று தெரிந்தது 2017-இல்தான். உழவர்கள் அதற்குள் எத்தனையோ அறுவடை பார்த்துவிட்டார்கள்!

விளைச்சலுக்கு இவ்வளவு மெனக்கெட்டவர்கள் ருசியை ஏன் பின்னுக்குத் தள்ளினார்கள்? விளைந்ததில் பெரும்பகுதி எண்ணெய் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. ஆலைக்காரர் சோயாவின் பச்சை வாடையைப் பார்த்து விலை பேசுவதில்லை. நம் குழம்பில் மிதக்கும் மீல் மேக்கரும் எண்ணெய் பிழிந்த மாவில் செய்ததே.

வாடைக்கு முக்கியக் காரணம் லிபாக்ஸிஜனேஸ் என்னும் நொதி. ஊறிய பருப்பை அரைத்ததும் அது பருப்பிலுள்ள கொழுப்பைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்க்கிறது. புல் வாடையடிக்கும் ஹெக்ஸனால் உண்டாகிறது. இந்த நொதியில் மூன்று வகை உண்டு. மூக்கைச் சுளிக்க வைப்பது பெரும்பாலும் இரண்டாவது.

அந்த இரண்டாவது வகை நொதி இல்லாத ரகம்தான் இந்தூரின் இந்திய சோயா ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய என்.ஆர்.சி. 142. புரதம் செரிப்பதைத் தடுக்கும் குனிட்ஸ் டிரிப்சின் தடுப்பானும் இதில் கிடையாது. நல்ல சாதனைதான், ஆனால் மண்டியில் மற்ற சோயாவோடு ஒரே குவியலில் கொட்டினால் உழைப்பெல்லாம் வீண். தனியாக வாங்கி, கூடுதல் விலை தரும் ஏற்பாடு வேண்டும்.

இத்தகைய ரகம் கடைக்கு வரும்வரை, வீட்டில் சோயாப் பால் எடுப்பவர்கள் ஊறவைத்த பருப்பைக் கொதிக்கும் நீரோடு சேர்த்து அரையுங்கள். சூட்டில் நொதி செயலிழக்கும், வாடை வெகுவாகக் குறையும். எடுத்த பாலை நன்றாகக் காய்ச்சிய பிறகே குடியுங்கள்.